கன்னங்குறிச்சி: மூலைச் சுவரில் சாய்வு விரிசல், பிளிந்த் பீமில் துருக்கறை. எதை முதலில் பார்ப்பது?

ஏரிக்கரை வீடு எழுதியது:

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம், ஏரிப் பாசனத்தில் இருந்த பழைய நஞ்சை மனையில் 2015-ல் கட்டிய வீடு. தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். பில்லர் கட்டுமானம், இடையில் 9 அங்குலச் செங்கல் சுவர். பில்லருக்குப் பில்லர் 12 அடி. ஃபூட்டிங் (பில்லரின் அடிப்பாத கான்கிரீட்) 4-க்கு 4 அடி, இப்போதைய தரையிலிருந்து 5 அடி ஆழம். மனை ரோட்டைவிடத் தாழ்வாக இருந்ததால் 3 அடி கிராவல் கொட்டி உயர்த்திவிட்டு, அதன் பிறகு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியிருக்கிறார்கள்.

இப்போது தெரியும் விரிசல்கள்:

1. வடகிழக்கு மூலை அறையின் கிழக்குச் சுவரில் படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல். மூலையை நோக்கி மேலேறுகிறது. மேல்முனையில் 4 மி.மீ., கீழே மயிரிழை. சுவரின் உள்பக்கமும் அதே கோட்டில் தெரிகிறது.
2. அதே பக்கம் பிளிந்த் பீமின் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) வெளிமுகத்தில், அடிக்கம்பி ஓடும் வரியிலேயே படுக்கையாக 6 அடி நீளம். பழுப்புக் கறை வழிந்திருக்கிறது.
3. தெற்குப் பக்க பிளிந்த் பீமில் மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக நேர்க்குத்தான மெல்லிய கீறல்கள்.
4. மாடியில், கூரை கான்கிரீட்டுக்கு நேர் கீழே சுவரில் படுக்கை விரிசல்.

அந்த மூலையில் பாத்ரூம், வெளியே கழிவுநீர் சேம்பர், சுவரிலிருந்து 7 அடியில் சோக் பிட் (கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி), 9 அடியில் ஒரு பெரிய வேப்பமரம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப்பும் அங்கேதான் தரையில் கொட்டுகிறது. எல்லா விரிசலிலும் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஏற்றி, கோழிவலை அடித்துப் பூசிவிட்டால் போதும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். போதுமா?

மண்ணும்கல்லும் எழுதியது:

போதாது. முதல் விரிசலில் இப்போது எபாக்ஸி ஏற்றவே கூடாது. கெட்டியான எபாக்ஸி செங்கல்லைவிட வலுவானது. மூலை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் பழைய கோட்டை விட்டுவிட்டு அரை அடி தள்ளிப் புதுக் கோட்டில் வெடிக்கும். செலவும் போகும், அசைவைக் காட்டிக்கொண்டிருந்த அடையாளமும் போகும்.

உங்கள் நான்கு விரிசலுக்கும் நான்கு காரணம். நான்காவதற்கும் அஸ்திவாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சித்திரை வெயிலில் கூரை கான்கிரீட் விரிந்து, இரவில் சுருங்கும்போது சுவரின் தலைவரியை இழுக்கிறது. அந்தக் கோட்டை அரை அங்குலம் வெட்டி, இழுபடும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலண்ட் அடைத்து, மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டினால் அடங்கும். மூன்றாவது, கான்கிரீட் உலரும்போது சுருங்கியது; பெரும்பாலும் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தியதில் குறை. அகலத்தைக் கிராக் கேஜ் அட்டையை வைத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 பொதுவாக 0.3 மி.மீ. வரையும், மண்ணோடோ ஈரத்தோடோ தொடர்ந்து இருக்கும் பாகத்தில் 0.2 மி.மீ. வரையும் ஏற்றுக்கொள்கிறது. அதற்குள் இருந்தால் மேலே நீர்த்தடுப்புப் பூச்சு போதும்.

இரண்டாவது, கம்பித் துரு. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருமன் கூடும். அந்த அழுத்தம் கான்கிரீட்டைக் கம்பியின் வரியிலேயே பிளக்கும். மேலே பூசி மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அக்கறையோடு பார்க்க வேண்டியது முதல் விரிசல். சாய்வு விரிசலின் நடுப்புள்ளியிலிருந்து அதற்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. உங்கள் விரிசல் வடகிழக்கு மூலையை நோக்கி ஏறுகிறது, மேலே அகலம், கீழே ஒடுக்கம். மூலை பில்லர் இறங்குவதற்கான படம் இதுதான். நடுப்பகுதி இறங்கியிருந்தால் கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருந்திருக்கும்.

காரணத்துக்கு வருகிறேன். 5 அடி ஆழம் என்கிறீர்கள். அதில் 3 அடி கொட்டிய கிராவல். ஆக, பழைய நிலத்துக்குள் ஃபூட்டிங் 2 அடிதான் போயிருக்கிறது. சேலத்தின் மேட்டுப் பகுதிகளில் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் மண்ணும் (கெட்டிச் சுண்ணாம்புக்கல் மண்) அதன் கீழ் பாறையும் சீக்கிரம் கிடைக்கும். அங்கே இந்த ஆழம் தாங்கும். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையில் வண்டலும் களிமண்ணும் படிந்திருக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஊறிக்கொண்டே இருந்தால் இளகும். ஒரே மனையில் ஒரு மூலையில் சுக்கான், எதிர் மூலையில் களி என்பதும் உண்டு. மண் பரிசோதனையை ஒரே குழியில் முடித்துக்கொள்ளக் கூடாது என்பது அதனால்தான். இந்த மண்ணுக்கு ஒரே மூலையில் சேம்பர், சோக் பிட், மழைநீர் பைப், வேம்பு என நான்கு தொல்லை. மூன்று தண்ணீரைக் கொடுக்கின்றன, ஒன்று உறிஞ்சுகிறது.

வேலைக்கு ஆளைக் கூப்பிடும் முன் நான்கு அளவு எடுங்கள்.

டியூப் லெவல்: கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். மூலை பில்லருக்கும் அடுத்த பில்லருக்கும் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட்) அடிமட்ட வித்தியாசம், தரை டைல்ஸ் வித்தியாசம் இரண்டையும் எடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கட்டும்போதே வந்த பிசகாக இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்திருந்தால் மூலை இறங்கியிருக்கிறது.

அடையாளம்: விரிசலின் ஒரு பக்கம் இரண்டு ஆணி, மறுபக்கம் ஒன்று, முக்கோணமாக அடித்து வெர்னியர் காலிப்பரால் மூன்று பக்கமும் அளந்து தேதியோடு எழுதுங்கள். கண்ணாடித் துண்டு ஒட்டினால் அது உடைந்ததா இல்லையா என்பதுதான் தெரியும்; எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று முக்கோணம் சொல்லும். எப்போதும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், வெயில் ஏறினால் அளவு மாறும்.

சேம்பர் சோதனை: வெளிப்போகும் குழாயை அடைத்து, சேம்பரை நிரப்பி, அரை மணி நேரம் மட்டம் பாருங்கள்.

மண் உப்பல்: ஃபூட்டிங் மட்டத்து மண்ணைக் காயவைத்துப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குடுவையில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் விடுங்கள். நீரில் படிந்த மண்ணின் அளவிலிருந்து மண்ணெண்ணெயில் படிந்த அளவைக் கழித்து, மண்ணெண்ணெய் அளவால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஐ.எஸ். 2720 பகுதி 40 சொல்லும் முறை இது. 50-க்கு மேல் வந்தால் அது பொல்லாத மண்.

கொத்துக்கரண்டி எழுதியது:

அவர் சொல்ற வரிசை சரிங்க. துருப்பிடிச்ச பீம் வேலையை மட்டும் காத்திருக்காம ஆரம்பிக்கலாம். மழைக்காலம் வரைக்கும் விட்டா கம்பி இன்னும் தேயும். அதைச் செய்ற முறை:

சுத்தியால தட்டிப் பாருங்க, டொப்புன்னு வெத்துச் சத்தம் வர்ற இடம் எல்லாம் கழண்டது. 6 அடி விரிசல்னா 8 அடி வரைக்கும் கொத்த வேண்டி வரலாம். ஒரே தடவையா கொத்தாதீங்க, மேல சுவர் பாரம் நிக்குது. 3 அடி கொத்தி, சரி பண்ணி, இறுகின பிறகு அடுத்த 3 அடி. கம்பிக்கு முன்னாடி மட்டும் எடுத்தா பத்தாது. கம்பிக்குப் பின்னாடி ஒரு விரல் நுழையற அளவு, 20 முதல் 25 மி.மீ. காலியாகணும். பின்பக்கத் துருவை விட்டுட்டு மேல பூசினா மறுபடி அதே வரியில பிளக்கும்.

கொத்தின முகத்துல ஃபீனால்ஃப்தலீன் கரைசல் தெளிச்சுப் பாருங்க. இளஞ்சிவப்பு ஆனா கான்கிரீட்டுல காரத்தன்மை இருக்கு. நிறம் மாறலைன்னா காரம் போயிருச்சு, அங்க கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை, நிறம் வர்ற வரைக்கும் கொத்தணும்.

கம்பியைக் கம்பிப் பிரஷ்ல பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு காலிப்பர்ல அளங்க. 10 மி.மீ. கம்பி 9 ஆயிருந்தா சின்னக் குறை மாதிரி தெரியும். குறுக்குவெட்டுப் பரப்புல கிட்டத்தட்ட 19 சதவீதம் போயிருச்சு. அந்த அளவு வந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்க்கணும், நல்ல கம்பியோட ரெண்டு பக்கமும் விட்டத்தைப் போல 50 மடங்கு ஒட்டி ஓடணும், 10 மி.மீ.-க்கு 50 செ.மீ. பிறகு துத்தநாக பிரைமர் ஒரு கை.

பூச்சுக்கு சிமெண்ட் ஒண்ணு, மணல் மூணு. ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 5 முதல் 7 லிட்டர் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டுறதைக் கூட்டற ரப்பர் பால்), தண்ணியை அந்த அளவுக்குக் குறைச்சுக்கணும். அதே லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலை முதல்ல பிரஷ்ல அடிச்சு, அது பிசுபிசுன்னு இருக்கும்போதே கலவை ஏத்தணும்; காய்ஞ்சிட்டா அதுவே பிரிஞ்சு வர்ற பரப்பு ஆயிரும். ஒரு கைக்கு 10, 12 மி.மீ. தடிமனுக்கு மேல வேண்டாம். 40 மி.மீ.-க்கு மேல ஆழம் போனா பலகை அடிச்சு மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி போட்ட, தானா ஓடுற கான்கிரீட்) ஊத்திருங்க, அதுதான் உள்ள நிறையும்.

அப்புறம் போர்த் தண்ணியைச் சோதிச்சுக்குங்க. கம்பி போட்ட வேலைக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. கட்டும்போது ஊத்தின தண்ணியே காரணமா இருந்தா மத்த பீம்லயும் இந்தத் துரு வரும்.

மூலை பில்லருக்கு, ஃபூட்டிங் பக்கத்துல குழாய் இறக்கி சிமெண்ட் பால் பிரஷர்ல ஏத்தினா மண்ணு கெட்டிப்படும்னு நினைக்கிறேன்.

மண்ணும்கல்லும் எழுதியது:

பீம் வேலைக்கு நீங்கள் எழுதியதில் சேர்க்க எதுவும் இல்லை. சிமெண்ட் பால் யோசனையை மட்டும் மறுக்கிறேன். கொட்டிய கிராவலிலும் தளர்ந்த மணலிலும் இடைவெளி இருக்கிறது. பால் அதில் புகுந்து இறுகும். களிமண்ணின் துளைகள் சிமெண்ட் துகளைவிடச் சிறியவை, உள்ளே ஊடுருவாது. அழுத்தம் கொடுத்தால் மண்ணைப் பிளந்துகொண்டு கீற்றுக் கீற்றாக ஓடி, பாத்ரூம் குழாய்க்குள்ளோ பக்கத்து மனைக்கோ போய்ச் சேரும். அதோடு ஏற்கெனவே ஊறியிருக்கும் மண்ணுக்கு இன்னும் தண்ணீர் கொடுக்கிறோம். இங்கே பயன்படாது.

சேர்வராயன் சரிவு எழுதியது:

இதே திரியில் கேட்டுவிடுகிறேன். ஏற்காட்டில் சரிவில் கட்டிய வீடு. பள்ளத்துப் பக்க அறைகளின் தரை வீட்டின் நீளத்துக்கு ஒரே கோட்டில் பிளந்திருக்கிறது, மேட்டுப் பக்கம் எந்தப் பாதிப்பும் இல்லை. இதுவும் களிமண்ணா?

மண்ணும்கல்லும் எழுதியது:

சார், மலையில் கதை வேறு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்துப் பக்கம் தள்ளிச் சமன்படுத்திக் கட்டியிருப்பார்கள். மேட்டுப் பாதி பாறையில் நிற்கிறது, பள்ளத்துப் பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது. வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டிலேயே தரை பிளக்கும். கோடு நேராக, சரிவுக்குக் குறுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சந்தேகமே இல்லை.

அங்கே முதலில் தடுப்புச் சுவரைப் பாருங்கள். நீர் வடியும் துளைகள் ஐந்தடிக்கு ஒன்றாவது இருக்கிறதா, மழை பெய்த மறுநாள் அவற்றில் தண்ணீர் வருகிறதா? வராமல் சுவர் மட்டும் வெளிப்பக்கம் தொப்பை தள்ளினால் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துகிறது. துளைகளைத் துளைத்துத் திறக்க வேண்டும்; சுவருக்குப் பின்னால் ஓரடி அகலம் ஜல்லியும் அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும்) துணியும் வேண்டும். மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்து வரும் மழைநீரை வீட்டுக்கு மேலேயே வாய்க்கால் வெட்டிச் சுற்றித் திருப்பிவிடுங்கள். தடுப்புச் சுவர் நகர்ந்துகொண்டிருந்தால் தரை விரிசலை எத்தனை முறை அடைத்தாலும் பயனில்லை. சுவர் சாய்வு மழைக்கு மழை கூடுகிறது என்றால் அந்தப் பக்க அறையில் ஆள் படுக்க வேண்டாம், உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வரவழையுங்கள்.

ஏரிக்கரை வீடு எழுதியது:

அளவுகள்: லிண்டல் அடிமட்டத்தில் மூலை பில்லர் பக்கம் 14 மி.மீ. தாழ்வு, தரை டைல்ஸில் 12 மி.மீ. சேம்பரில் அரை மணி நேரத்தில் 2 அங்குலம் இறங்கியது. மண் உப்பல்: நீரில் 16 மி.லி., மண்ணெண்ணெயில் 11 மி.லி. முக்கோண ஆணி அடித்தாகிவிட்டது. தெற்கு பீம் கீறல்கள் 0.15 மி.மீ.-க்குள்.

மண்ணும்கல்லும் எழுதியது:

நல்ல அளவுகள், இவற்றை வைத்துப் பேசலாம். ஐ.எஸ். 1904 தனித்தனி ஃபூட்டிங் உள்ள கான்கிரீட் கட்டடத்துக்குப் பில்லர் இடைவெளியில் 0.0015 பங்கு வரை இறக்க வேறுபாட்டை அனுமதிக்கிறது. 12 அடி என்பது சுமார் 3,660 மி.மீ.; அனுமதி 5.5 மி.மீ. உங்களுக்கு 12 முதல் 14. இடைவெளியில் ஏறக்குறைய 260-ல் ஒரு பங்கு. செங்கல் சுவர் வெடிப்பதற்கு இது தாராளம். உப்பல் 45 சதவீதம். 50-ஐத் தொடவில்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் முதல் குற்றவாளி சேம்பர். அரை மணிக்கு 2 அங்குலம் என்பது கசிவு அல்ல, ஓட்டை.

ஆகவே முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சேம்பரை உடைத்துப் புதிதாகக் கட்டுங்கள். அடியில் 4 அங்குல கான்கிரீட், உள்ளே நீர்த்தடுப்புக் கலவையோடு வழவழப்புப் பூச்சு. சுவரைத் தாண்டி வரும் குழாயைச் சுற்றிக் கலவை போட்டு இறுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். சுவர் இறங்கும்போது அந்த இடத்தில்தான் குழாய் முறியும். ஓர் அங்குல இடைவெளி விட்டு இளகிய சீலண்ட் அடைப்பதே சரி. சோக் பிட் கட்டடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470, உங்களுடையது 7 அடி. தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணையுங்கள், இல்லையென்றால் குழியை மனையின் எதிர் மூலைக்கு மாற்றுங்கள். பழைய குழியைக் கட்டாந்தரை மண்ணால் அரையடி அரையடியாக இடித்து நிரப்புங்கள், மணலைப் போட்டுத் தண்ணீர் தேக்காதீர்கள். மொட்டைமாடிப் பைப்பைத் தரையில் கொட்டவிடாமல் தெரு வாய்க்கால் வரை மூடிய குழாயில் கொண்டுபோங்கள்; மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு விட்டால் அதுவும் அஸ்திவாரத்தைவிட்டுத் தள்ளி இருக்கட்டும்.

பிறகு வீட்டைச் சுற்றித் தண்ணீர் விலக்கும் தளம். சுவரை ஒட்டி 4 அடி அகலம் மேல்மண்ணை எடுத்து இடித்து, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, 4 அங்குல கான்கிரீட், 4 அடிக்கு ஒன்றரை அங்குலம் வெளிநோக்கிச் சரிவு. சுவரோடு ஒட்டிப் போடாமல் அரை அங்குல இடைவெளி விட்டு தார் அல்லது பி.யு. சீலண்ட். ஒட்டிப் போட்டால் தளம் அசையும்போது சுவர்ப்பூச்சு பெயரும். அந்தப் பிளவில் தண்ணீர் நேராக ஃபூட்டிங்குக்கு இறங்கும்.

வேம்பை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பல வருஷம் அது உறிஞ்சி உலர்த்தி வைத்த களி, மரம் போனதும் நனைந்து உப்பும். இறங்கிய மூலை இப்போது எழும்பி வேறு விரிசல் தரும். கிளைகளை ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறையுங்கள். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே, சுவரிலிருந்து 4 அடி தள்ளி, 5 அடி ஆழத்தில் வேர்த்தடுப்பு எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் தகடு இறக்கலாம், ஒரு பக்கம் மட்டும் வேர் அறுபடுவதால் காற்றுக்கு மரம் சாயாதபடி கிளை குறைத்த பிறகே செய்ய வேண்டும்.

இவை முடிந்தபின் ஒரு சோதனைக் குழி. மூலை பில்லர் பக்கத்தில் மட்டும், 3-க்கு 3 அடி, ஃபூட்டிங் அடிவரை. 4 அடிக்குக் கீழே போகும்போது பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு பில்லரைத் தோண்டக் கூடாது. மழை வரும் நாளில் குழியைத் திறந்து வைக்கக் கூடாது. அடிமண்ணில் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்துங்கள். தடையில்லாமல் அரை அடி இறங்கினால் மண் ஊறி இளகியிருக்கிறது. பி.சி.சி. (ஃபூட்டிங்குக்குக் கீழே போட்ட கம்பியில்லாக் கான்கிரீட்) அடியில் வெற்றிடம் இருக்கிறதா, ஃபூட்டிங்கே வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, அரையடி அரையடியாக இடித்து மூடுங்கள்.

அடுத்து, ஆணி அளவைத் தொடருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையும் ஒரு சித்திரை வெயிலும் தாண்டட்டும். அளவு கூடிக் குறைந்து பழைய இடத்துக்கே வந்தால் மண் மூச்சு விடுகிறது, ஃபூட்டிங்கைத் தொட வேண்டியதில்லை. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் அண்டர்பின்னிங், அதாவது அஸ்திவாரத்துக்கு அடியில் புதுத் தாங்கல் கொடுப்பது. பழைய கருங்கல் கடக்கால் சுவர் வீடாக இருந்தால் 3, 4 அடித் துண்டுகளாக ஒன்று, மூன்று, ஐந்து என்று விட்டுவிட்டுத் தோண்டி எம்-20 கான்கிரீட் போட்டு, மேலே 3 அங்குலம் விட்டு, மறுநாள் அந்த இடைவெளியில் ஈரப்பதமான 1:3 கலவையை அடித்து இறுக்கலாம். தனிப் பில்லருக்கு அந்த முறை செல்லாது. பீம்களுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து ஃபூட்டிங்கைப் பெரிதாக்குவதா, சுக்கான் பாறை வரை மைக்ரோ பைல் (துளையிட்டு இறக்கும் மெல்லிய தூண்) இறக்குவதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட்டு வரைபடம் தர வேண்டும். வரைபடம் இல்லாமல் மூலை பில்லரடியில் யாரையும் தோண்டவிடாதீர்கள்.

கொத்துக்கரண்டி எழுதியது:

அசைவு நின்ன பிறகு சுவருக்கு: விரிசலோட ரெண்டு பக்கமும் அரை அடி பூச்சை எடுத்திருங்க. நாலு வரிசைக்கு ஒரு தடவை படுக்கை இணைப்பை ஒன்றரை அங்குல ஆழம் வெட்டி, 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 3 அடி நீளம், விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி வர்ற மாதிரி வெச்சு, சுருங்காத கிரவுட்ல மூடுங்க. முன்னாடி தண்ணி தெளிச்சு நனைச்சிருக்கணும், காய்ஞ்ச செங்கல் கலவைத் தண்ணியை உறிஞ்சிரும்.

விரிசலுக்குள்ள சிமெண்ட் பால்: தண்ணி சிமெண்ட்டுல பாதி எடை, 50 கிலோ மூட்டைக்கு சுமார் 225 கிராம் விரிவுப் பொடி, டப்பாவுல போட்டிருக்கற அளவையும் பார்த்துக்குங்க. விரிசல்ல வரிசையா பதிச்ச நிப்பிள்ல (பால் ஏத்தற குழாய் மூக்கு) அடியில இருக்கறதுல ஆரம்பிச்சு, மேல் நிப்பிள்ல வழிஞ்சா கீழதை அடைச்சு மேல போகணும். மேல ஆரம்பிச்சா காத்து சிக்கி நடுவுல பொந்து விழும்.

பீம்ல எங்கயாவது 0.3-க்கு மேல உலர்ந்த, அசையாத விரிசல் தெரிஞ்சா அங்க எபாக்ஸி போடலாம். 10 அடி நீளம், 9 அங்குல ஆழம், அரை மி.மீ. அகலம்னா உள்ள போறது 350 மி.லி. அளவுதான், சேதாரத்தோட அரை லிட்டர். அதுக்கு மேல டப்பா டப்பாவா கணக்குக் காட்டினா கேள்வி கேளுங்க.

கடைசியா ஓரடி அகலக் கோழிவலையை ஆணியடிச்சு, சுவரைத் தொடாம கொஞ்சம் தூக்கி நிறுத்தி, 1:5 பூச்சு, ஏழு நாள் தண்ணி. ஆணி முக்கோணத்தைப் பூச்சுக்கு மேல மறுபடி அடிச்சு வெச்சுருங்க, அடுத்த மழைக்கும் அளக்கணும்.